சிடி பிளேயர் ‘நோ டிஸ்க்’ என்கிறதா? லேசர் மாற்றுவதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

டிஸ்கைப் போடுகிறீர்கள், டிரே மூடுகிறது, உள்ளே ஏதோ ரெண்டு தடவை முனகுகிறது, அப்புறம் திரையில் ‘நோ டிஸ்க்’ என்று வந்து நின்றுவிடுகிறது. யாரைக் கேட்டாலும் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் ‘லென்ஸ் போயிருக்கும், மாத்திடுங்க’ என்பார்கள். போயிருக்கலாம். ஆனால் தூசி, காய்ந்துபோன கிரீஸ், தளர்ந்த மோட்டார், விரிசல் விட்ட ரிப்பன் கேபிள் என்று அதே அறிகுறியைக் காட்டக்கூடியவை இன்னும் நாலைந்து இருக்கின்றன, அவை எல்லாமே புதிய லேசரைவிட மலிவானவை. என்னுடைய பழைய பிளேயரோடு போராடியபோது இந்த விவரங்கள் ஒரே இடத்தில் எனக்குக் கிடைக்கவில்லை, துண்டு துண்டாகத்தான் பொறுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் வரிசையாக எழுதி வைக்கிறேன். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியும், மல்டிமீட்டர் ஓரளவு பழக்கம் என்றால் போதும். சால்டரிங் ஒரே ஒரு இடத்தில்தான் வரும்.

1. லேசரைப் பற்றித் தெரிய வேண்டிய அளவு

சிடி பிளேயரில் இருப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர். டிஸ்கின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். தகவல் இருப்பது கீழ்ப்பக்கத்தில் அல்ல, மேலே லேபிளுக்குச் சற்றே அடியில். கீழிருந்து வரும் ஒளி பிளாஸ்டிக்கைக் கடந்து அங்கே போய்க் குவிகிறது. அதனால் கீழ்ப்பக்கத்துச் சின்னக் கீறலைப் பெரும்பாலும் பிளேயர் சமாளித்துவிடும், லேபிள் பக்கம் ஆழமாகக் கீறினால் அந்த டிஸ்க் போனதுதான்.

தகவல் பதிந்திருக்கும் சுருள் பாதையில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். டிஸ்க் சுழலும்போது கொஞ்சம் மேலும் கீழும் ஆடத்தான் செய்யும், அந்த ஆட்டத்தோடு கூடவே லென்ஸும் ஆட வேண்டும். அதற்காக லென்ஸை மெல்லிய தாங்கிகளில் தொங்கவிட்டு, மேல்-கீழாக அசைக்க ஒரு காயிலும் பக்கவாட்டில் அசைக்க ஒரு காயிலும் வைத்திருப்பார்கள். இந்த லென்ஸ், காயில், லேசர் டயோடு, திரும்பி வரும் ஒளியைப் பார்க்கும் போட்டோடயோடு எல்லாம் சேர்ந்ததுதான் பிக்கப். பிக்கப்பையே உள்ளிருந்து வெளியே நகர்த்திக்கொண்டு போவது ஸ்லெட், டிஸ்கைச் சுழற்றுவது ஸ்பிண்டில் மோட்டார். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: சிடி உள்ளிருந்து வெளியே போகும், உள்ளே இருக்கும்போது நிமிடத்துக்கு சுமார் 500 சுற்று, ஓரத்துக்கு வரும்போது சுமார் 200. பழுதைக் கண்டுபிடிக்க இது கைகொடுக்கும்.

2. மூடியைத் திறக்கும் முன் காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

பயனர் கையேடு இதற்கு உதவாது, வேண்டியது சர்வீஸ் மேனுவல். பிளேயரின் பின்பக்க லேபிளில் உள்ள மாடல் எண்ணை, கடைசியில் ஒட்டியிருக்கும் எழுத்துகளையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு சந்தைகளுக்கு வந்த மாடல்களில் உள்ளே மின்சப்ளையோ பிக்கப்போ வேறாக இருப்பதுண்டு. மேனுவலில் நமக்கு வேண்டியது நாலு பகுதிதான்: பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம், பாகங்களின் எண் பட்டியல், லேசர் மின்னோட்டத்தை அளக்கும் முறை, சரிசெய்யும் முறை. பழைய மாடல்களின் மேனுவல்கள் இணையத்தில் இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன, பணம் கேட்கும் தளத்துக்குப் போவதற்கு முன் நன்றாகத் தேடிவிடுங்கள். கிடைக்கவே இல்லை என்றால், அதே மெக்கானிசம் உள்ள வேறு மாடலின் மேனுவலும் பாதிக்குமேல் உதவும்.

பிரிக்கப் பிரிக்க போனில் படம் எடுங்கள். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது, ரிப்பன் கேபிளின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதெல்லாம் அடுத்த நாள் மறந்துவிடும்.

3. கண்ணும் கையும் பத்திரம்

லேசர் எரியும்போது லென்ஸை நேராகப் பார்க்காதீர்கள். மங்கலான ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும், ஆனால் அகச்சிவப்பின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் வந்துகொண்டிருக்கும். சோனி மேனுவல்கள் கண்ணை லென்ஸிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்கச் சொல்கின்றன. சாய்வாகப் பார்ப்பது இன்னும் நல்லது. அதைவிட நல்லது போன் கேமரா வழியாகப் பார்ப்பது. பின்பக்க கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருந்து ஒன்றும் தெரியாமல் போகலாம், முன்பக்க கேமராவையும் முயன்று பாருங்கள். டிவி ரிமோட்டை அழுத்திக் காட்டினால் எந்தக் கேமரா சரிப்படும் என்று தெரிந்துவிடும்.

மூடியைத் திறந்தபின் மின்சப்ளை பகுதியில் வீட்டு மின்சாரம் அப்படியே இருக்கும். ஓடவிட்டுப் பார்க்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் பிளக் வெளியே இருக்கட்டும், பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் விட்டுக் கை வையுங்கள்.

அப்புறம் உங்கள் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம். லேசர் டயோடைக் கொல்ல அது போதும், அது பாய்ந்தது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. எர்த் செய்யும் மணிக்கட்டுப் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கான செலவிலேயே மிகச் சிறியது அதுதான்.

4. பிளேயர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். எந்த பிளேயரும் டிஸ்கைப் படிக்கும் முன் ஒரு வரிசைப்படிதான் போகும்: ஸ்லெட் உள்பக்கம் போய் ஒரு சின்ன சுவிட்சைத் தொடும், லேசர் எரியும், லென்ஸ் மேலும் கீழும் அசைந்து குவியத்தைத் தேடும், கிடைத்ததும் டிஸ்க் சுழலும், உள்ளடக்க அட்டவணையைப் படிக்கும், திரையில் பாடல் எண்ணிக்கையும் மொத்த நேரமும் வரும். மூடியைக் கழற்றிவிட்டு, டிஸ்கோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்கள்.

எதுவுமே அசையவில்லை என்றால் லேசரை மறந்துவிடுங்கள். டிரே முழுசாக மூடவில்லை, பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது, கதவு சுவிட்ச் ஒட்டவில்லை, இவற்றில் ஒன்றாக இருக்கும். பழைய பிளேயர் இடம் மாறி வந்தது என்றால் அடியில் போக்குவரத்துப் பூட்டு ஸ்க்ரூ இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மாடல்களில் அதைக் கழற்றாமல் மெக்கானிசம் அசையாது.

ஸ்லெட் உள்ளே போய்க் கடகடவென்று முட்டிக்கொண்டே இருந்தால் அந்தச் சின்ன சுவிட்ச்தான் சந்தேகம். பாதியில் நின்றால் கிரீஸ், இல்லையென்றால் விரிசல் விட்ட பல்சக்கரம்.

லென்ஸ் அசையவே இல்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரிப்பன் கேபிளைக் கழற்றித் திரும்ப மாட்டுங்கள், மடியும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸ் அசைகிறது, கேமராவில் ஒளி தெரியவே இல்லை என்றால் டயோடோ அதற்கு மின்னோட்டம் தரும் சுற்றோ போயிருக்கலாம். பிளேயரின் பின்னால் ஆப்டிகல் அவுட் துளையில் தெரியும் சிவப்பு வெளிச்சத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது எல்.இ.டி., லேசர் அல்ல, அது எரிவதால் பிக்கப் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாகாது.

ஒளியும் தெரிகிறது, லென்ஸும் அசைகிறது, டிஸ்க் மட்டும் சுழலவில்லை என்றால் மூன்று சாத்தியம்: அழுக்கு லென்ஸ், பலவீனமான லேசர், இறுகிய ஸ்பிண்டில் மோட்டார். விரலால் மோட்டாரைச் சுற்றிப் பாருங்கள், லேசாகச் சுழல வேண்டும்.

பாட ஆரம்பித்த பிறகு வரும் கோளாறுகள்தான் ஆளை ஏமாற்றும். முதல் ரெண்டு மூன்று பாடல்களில் மட்டும் தாவுகிறது, பின்னால் வரும் பாடல்கள் நன்றாக ஓடுகின்றன என்றால் முதலில் ஸ்பிண்டில் மோட்டாரைச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் வேகம் அதிகம் தேவைப்படுவது அங்கேதான். கடைசிப் பாடல்களில் மட்டும் தாவினால் ஸ்லெட் பாதையின் கிரீஸையோ வளைந்த டிஸ்கையோ பாருங்கள், தட்டு வளைந்திருந்தால் ஆட்டம் ஓரத்தில்தான் அதிகம். சூடேறிய பிறகு படிக்க மறுத்தால் லேசர் மேல் சந்தேகம் நியாயமானது, சூட்டில் டயோடுக்கு மின்னோட்டம் அதிகம் தேவைப்படும், வயதான டயோடு அதோடு மல்லுக்கட்டும். தொழிற்சாலையில் அச்சான டிஸ்க் ஓடுகிறது, முன்பு ஓடிய சிடி-ஆர் (ஒரு தடவை எழுதக்கூடிய சிடி) இப்போது ஓடவில்லை என்றாலும் அப்படித்தான். சிடி-ஆர்.டபிள்யூ. (அழித்து எழுதக்கூடிய சிடி) ஓடாததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது திருப்பி அனுப்பும் ஒளி 15 முதல் 25 சதவீதம்தான், அச்சான சிடி குறைந்தது 70 சதவீதம், பழைய பிளேயர்கள் அதைப் புதிதாக இருந்தபோதே படித்திருக்காது.

டிவிடி பிளேயரில் டிவிடி ஓடி சிடி மட்டும் ஓடவில்லை என்றால் குழம்ப வேண்டாம். டிவிடிக்கு 650 நானோமீட்டர், சிடிக்கு 780, இரண்டுக்கும் தனித்தனி டயோடு. ஒன்று போய் இன்னொன்று இருக்கலாம்.

ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்: ‘லேசர் வயசாயிடுச்சு, அதனால் சத்தம் மங்கிடுச்சு, பாஸ் குறைஞ்சிடுச்சு.’ டிஜிட்டலில் அப்படி நடக்காது. பாதையில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் தொடர்ச்சியாகப் போனாலும் பிழைதிருத்தம் முழுசாக மீட்டுவிடும், அதற்கு மேல் போனால் சத்தம் விட்டுவிட்டு வரும், டிக்டிக்கென்னும், தாவும், நின்றுவிடும். மங்கலாகக் கேட்டால் அவுட்புட் பகுதியையும் ஸ்பீக்கரையும் பாருங்கள்.

5. சுத்தம் செய்யுங்கள், ஆனால் தேய்க்காதீர்கள்

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளது, நல்ல பஞ்சுக்குச்சி, கையால் அமுக்கி ஊதும் ரப்பர் ஊதி, இவ்வளவுதான் செலவு. லென்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக், அதனால் அசிட்டோன், தின்னர் பக்கமே போகாதீர்கள். முதலில் ஊதுங்கள், வாயால் அல்ல. பிறகு பஞ்சை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, லென்ஸை அழுத்தாத மாதிரி மெல்லச் சுழற்றுங்கள். காய்ந்த குச்சியால் இன்னொரு தடவை. புகைபிடிக்கும் அறையில் இருந்த பிளேயர் என்றால் ரெண்டு மூன்று குச்சி மஞ்சளாக வரும். நன்றாகக் காய்ந்த பிறகு ஓடவிடுங்கள்.

லென்ஸுக்கு அடியில் ஒரு கண்ணாடியும் இருக்கிறது, அங்கேயும் தூசி படியும். பக்கவாட்டு இடுக்கு வழியாக ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், லென்ஸைக் கழற்ற நினைக்காதீர்கள். பிரஷ் ஒட்டிய ‘லென்ஸ் கிளீனர்’ டிஸ்குகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒட்டிய புகைப்படலத்தை அவை எடுக்காது, சுழலும் பிரஷ் லென்ஸில் மாட்டினால் இருப்பதும் போகும்.

கையோடு ஸ்லெட் தண்டையும் பல்சக்கரத்தையும் துடைத்து, பழைய கிரீஸை முழுசாக எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கைத் தின்னாத கிரீஸ் துளி வையுங்கள். பழையதன் மேலேயே புதிதைப் பூசினால் பிரயோஜனமில்லை.

பிளேயர் குளிர்ந்த இடத்திலிருந்து வெதுவெதுப்பான அறைக்கு வந்திருந்தால் லென்ஸில் பனித்திருக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள், அதிலேயே சரியானாலும் ஆகலாம்.

6. வாங்கும் முன் அளந்து பாருங்கள்

பல சோனி பிக்கப்களில் ஒட்டியிருக்கும் லேபிளின் கடைசி மூன்று இலக்கம், அந்த டயோடு புதிதாக இருந்தபோது எடுத்த மின்னோட்டம். 455 என்றிருந்தால் 45.5 மில்லிஆம்பியர். மேனுவல் காட்டும் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜைப் பார்த்து, ரெசிஸ்டரின் ஓமால் வகுக்க வேண்டும். 22 ஓமில் 1 வோல்ட் வந்தால் சுமார் 45 மில்லிஆம்பியர், லேபிளோடு ஒத்துப்போகிறது, டயோடு நன்றாக இருக்கிறது, கோளாறை வேறு இடத்தில் தேடலாம். லேபிளைவிட நிறைய ஏறியிருந்தால் டயோடு களைத்துவிட்டது. எவ்வளவு ஏறினால் மாற்ற வேண்டும் என்பதை மேனுவலே சொல்லும்.

இந்த இடத்தில்தான் பெரிய பொறி. பிக்கப்பில் ஒரு குட்டி பிரீசெட் (ஸ்க்ரூடிரைவரால் திருகி மாற்றும் ரெசிஸ்டர்) இருக்கும், அதைக் கொஞ்சம் திருகினால் பிளேயர் படிக்க ஆரம்பித்துவிடும் என்று நிறையப் பேர் சொல்லுவார்கள். பொய் இல்லை, படிக்கும். லேசரின் வெளிச்சத்தைக் கூட்டுவதால் வந்த பலன் அது, ஏற்கெனவே களைத்த டயோடுக்குள் இன்னும் மின்னோட்டத்தைத் தள்ளுகிறீர்கள், அது சீக்கிரமே முழுசாகப் போகும். லென்ஸ்தான் அழுக்கு என்றால் நல்ல டயோடையே கெடுத்திருப்பீர்கள். எப்படியும் மாற்றப்போகிறோம் என்று முடிவான பிக்கப்பில் சோதனைக்காகத் திருகலாம், மற்றபடி வேண்டாம்.

7. பிக்கப் வாங்குவது: செலவும் காத்திருப்பும்

எண்ணை மேனுவலிலிருந்து மட்டும் எடுக்காமல் உங்கள் பிக்கப்பின் மேலேயே படித்துக்கொள்ளுங்கள், முன்பே யாராவது மாற்றியிருக்கலாம். சோனியில் கே.எஸ்.எஸ். என்று தொடங்கினால் பிக்கப் மட்டும், கே.எஸ்.எம். என்று தொடங்கினால் மோட்டார், ஸ்லெட் எல்லாம் சேர்ந்த மெக்கானிசம். பிலிப்ஸின் வி.ஏ.எம்.1202 முழு மெக்கானிசமாகவே வரும். ஸ்பிண்டில் மோட்டார் மேலும் சந்தேகம் இருந்தால் முழு மெக்கானிசமே நல்லது, விலை வித்தியாசம் பெரும்பாலும் பெரிதல்ல, மாட்டுவதும் சுலபம்.

எண் ஒன்றாக இருந்தால் போதாது. சான்யோவின் எஸ்.எஃப்-பி101என் 15 பின்னிலும் வருகிறது, 16 பின்னிலும் வருகிறது, ஒன்று இன்னொன்றில் உட்காராது. கே.எஸ்.எஸ்-213 வரிசையில் கடைசி எழுத்தைப் பொறுத்துக் குடும்பமே பெரியது. விற்பவரிடம் கனெக்டரும் லேபிளும் தெரியும் படம் கேளுங்கள், உங்கள் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பழைய பிக்கப்களில் பல இப்போது தயாரிப்பிலேயே இல்லை. சந்தையில் இருப்பது பழைய கையிருப்பு, கழற்றி எடுத்தது, நகல் என்று மூன்று வகை. நகலெல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன், ஒன்று அருமையாக ஓடும், அதே பெட்டியில் இன்னொன்று சிடி-ஆரைத் தொடாது. அதனால் விலையைவிடத் திருப்பி எடுக்கும் நிபந்தனையைப் பாருங்கள், குறிப்பாக, பொருத்திப் பார்த்த பிறகும் எடுப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் வாரக்கணக்கில் ஆகலாம், சுங்க வரியும் சேரலாம். திருப்பி எடுக்கும் கெடு பார்சல் வந்த நாளிலிருந்தா ஆர்டர் செய்த நாளிலிருந்தா என்றும் பாருங்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: அதே மாடல் ஓடும் நிலையில் செகண்ட் ஹேண்டில் என்ன விலையோ, அதில் பாதிக்குமேல் பிக்கப் கேட்டால் வாங்கமாட்டேன்.

8. மாட்டுவது, அந்த ஒரு சொட்டு சால்டர்

முதல் தடவை என்றால் அரை நாள் ஒதுக்குங்கள். பல புதிய பிக்கப்களில், கே.எஸ்.எஸ்-213, எஸ்.எஃப்-பி101என் போன்றவற்றில், சின்ன போர்டில் ரெண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு சொட்டு சால்டர் வைத்திருப்பார்கள். நிலைமின்சாரத்திலிருந்து டயோடைக் காக்க அது. அதை எடுக்காமல் மாட்டினால் லேசர் எரியாது, புதுசே போச்சு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். மேனுவல் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் வரிசை இப்படி: மணிக்கட்டில் பட்டை, பிளக் வெளியே, பிக்கப்பை உட்கார்த்தி ரிப்பன் கேபிளைச் சொருகிப் பூட்டு, அதன் பிறகு எர்த் உள்ள சால்டரிங் இரும்பால் அந்தச் சொட்டை எடு. பழையது ஒருவேளை நல்லதாக இருக்கலாம் என்று தோன்றினால், அதைக் கழற்றும் முன் அதே புள்ளிகளைச் சேர்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

9. சரிசெய்தல், சோதனை

புதிய தலைமுறை பிளேயர்கள் குவியம், பாதைத் தொடர்தல் எல்லாவற்றையும் தாமாகவே சரிசெய்துகொள்ளும், உங்களுக்கு வேலையில்லை. பழைய அனலாக் சர்வோ (லென்ஸையும் மோட்டாரையும் கட்டுப்படுத்தும் சுற்று) பிளேயர்களில் போர்டில் நாலைந்து பிரீசெட் வரிசையாக இருக்கும். தொடுவதற்கு முன் ஒவ்வொன்றும் எந்த நிலையில் நின்றதோ அங்கே மார்க்கரால் கோடு போடுங்கள். ஆசிலாஸ்கோப் இருந்தால் ஆர்.எஃப். அலையை (டிஸ்கைப் படித்து பிக்கப் தரும் சிக்னலை) பார்த்து, நடுவில் தெரியும் வைரக்கட்டங்கள் தெளிவாக, பெரிதாக வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஆசிலாஸ்கோப் இல்லாமல் காதை வைத்துத் திருகுவதைவிடத் தொடாமல் விடுவதே மேல்.

சோதனைக்கு ஒரு பாட்டு ஓடினால் போதாது. 70 நிமிடத்துக்கு மேல் உள்ள டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிடுங்கள். சூடேறிய நிலையிலேயே முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுக்கும் அங்கிருந்து முதலுக்கும் தாவச் சொல்லுங்கள். ஒரு சிடி-ஆர் போடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் இதையெல்லாம் செய்துவிட வேண்டும்.

10. பதிவுக் கருவி என்றால் கூடுதலாக

சிடி ரெக்கார்டரில் எழுத, படிப்பதைவிடப் பல மடங்கு லேசர் சக்தி வேண்டும். ஆகவே ஏற்கெனவே பதிவான டிஸ்குகளை நன்றாகப் பாடி, பதிவில் மட்டும் பிழை காட்டினால் அது கிளாசிக் அறிகுறி: டயோடுக்குப் படிக்கத் தெம்பு இருக்கிறது, எழுத இல்லை. மூன்றாம் படியில் சொன்ன கண் எச்சரிக்கை இங்கே இன்னும் கறாராகப் பொருந்தும். ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் டிஸ்கைப் பாருங்கள். வீட்டு உபயோக ரெக்கார்டர்கள் கணினிக்கான சாதாரண சிடி-ஆரை ஏற்காது, இசைப்பதிவுக்கென்று விற்ற சிடி-ஆர்தான் வேண்டும், தொழில்முறை ரெக்கார்டர்களுக்கு இந்தத் தடை இல்லை. அதேபோல ‘பைனலைஸ்’ (பதிவை முடித்து மூடும் கடைசி வேலை) செய்யாத டிஸ்க் ரெக்கார்டரில் பாடும், சாதாரண பிளேயரில் பாடாது. அதற்காகப் பிளேயரைப் பிரிக்க வேண்டாம்.

மினிடிஸ்கில் லேசர் மட்டும் எழுதுவதில்லை. கீழிருந்து லேசர் டிஸ்கின் ஒரு புள்ளியைச் சூடாக்கும், மேலிருந்து ஒரு மெல்லிய கையில் இருக்கும் காந்தத் தலை அந்தப் புள்ளியின் காந்தத் திசையை மாற்றும். பதிவு பிடிக்கவில்லை என்றால் அந்த மெல்லிய கை வளைந்திருக்கிறதா, அதற்குப் போகும் கேபிள் அறுந்திருக்கிறதா என்று லேசருக்கு முன்பே பாருங்கள். சோதனைப் பதிவு முடிந்ததும் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். பாடல் பட்டியலை அது கடைசியில்தான், நிறுத்தும்போதோ டிஸ்கை வெளியே எடுக்கும்போதோ எழுதும். பட்டியல் எழுதப்படுவதைத் திரையில் காட்டும் எழுத்து அணையும்வரை பொறுங்கள், இல்லையென்றால் நன்றாகப் பதிவானதையும் வெற்று டிஸ்க் என்று காட்டும், நீங்கள் மறுபடி நாலாம் படிக்குப் போய்விடுவீர்கள்.